பழவேற்காட்டில் எடுக்காத படம்

1

நான் முதன்முதலில் சிங்கத்தைப் பார்த்தது ஒரு தட்டில். நைரோபியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் டார்க்ரூமில், சிவப்பு விளக்கின் அடியில், வெள்ளைத் தாளை மருந்துத் தண்ணீரில் முக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு மூக்கு. பிறகு பிடரி மயிர் புகை போலப் படர்ந்தது. கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யப்பா!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இந்த மாதத்தோடு அதற்குப் பத்து வருடம் ஆகிறது. இங்கே இருக்கும் தமிழர்கள் சிலர் வந்த நாளைப் பாயசம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். என் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. என் மனைவி ஸ்டெல்லா அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டாள், அவ்வளவுதான். இந்த வருடம் அந்த நாளில் உட்கார்ந்து, ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு படத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்தில், கும்மிடிப்பூண்டியில், அந்தப் படத்தைப் பற்றிப் பல பேர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில்தான் பிலிம் கழுவக் கற்றுக்கொண்டேன். அங்கே வந்த ஒரு குஜராத்தி வியாபாரி, நைரோபியில் தன் உறவினர் ஜேத்தாபாய் டார்க்ரூம் ஆள் தேடுவதாகச் சொல்லி, கடிதம் எழுதி, என்னைக் கப்பலேற்றினார். இங்கே என் வேலை மாறவில்லை, உருவங்கள்தான் மாறின. அங்கே கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் தட்டில் வந்தார்கள். இங்கே சிங்கம், யானை, காண்டாமிருகம். காக்கிச் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் காட்டிலிருந்து தூசியோடு வந்து ரோல்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் கழுவிக் கொடுப்பேன்.

இந்தப் பத்து வருடத்தில் எத்தனை சிங்கம் என் கையால் பிறந்தது என்று கணக்கில்லை. உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காட்டுக்குப் போகக் கார் வேண்டும், ஓய்வு வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதில் பாதி தேவாலயத்துக்கும் பாதி தூக்கத்துக்கும் சரியாகிவிடும்.

2

பொய் என்று எதையும் நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லாமல் விட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

வந்த முதல் வருடம், ஓரம் கறுத்துப்போய் ஒதுக்கிய ஒரு சிங்கப் படத்தை ஜேத்தாபாயிடம் கேட்டு வாங்கி நைனாவுக்கு அனுப்பினேன். இந்த ஊரில் இதெல்லாம் உண்டு என்று காட்டத்தான். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஊரில் இருந்தவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அம்மா இறந்த பிறகு என்னைத் தனியாக வளர்த்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு மோசஸ் அவர் வாயிலிருந்து வருவதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே எழுதுவான். அந்தப் படத்துக்கு வந்த பதில் இது:

"சிங்கத்தாண்ட நின்னுக்கினு நீ போட்டோ புடிச்சத ஊரே வந்து பாத்துச்சி. ஒனக்கு பயமா இல்லியாடா? ஜாக்கிரதயா இரு. கிட்டக்கப் போவாத."

அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். 'நைனா, அது நான் எடுத்ததல்ல' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று விட்டேன். அடுத்த கடிதத்தோடு யானைப் படம் போயிற்று.

பிறகு நைனா கூலிவேலை செய்த நிலமெல்லாம் தொழிற்சாலைகளுக்குப் போனது. நடவு நட்ட இடத்தில் இரும்புக் கேட் முளைத்தது. அந்தக் கேட்டுக்கே நைனாவைக் காவலாளாகப் போட்டார்கள். மோசசுக்கும் உள்ளே வேலை கிடைத்தது. நைனா என் படங்களையெல்லாம் காவலறைச் சுவரில் ஒட்டினார். ஷிப்டுக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும்போது பார்ப்பார்கள். "எம்மவன் புடிச்சது" என்பாராம்.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. "புதுசா வந்த பசங்க ரெண்டு பேர் நம்ப மாட்றானுங்க. சிங்கத்த எவன்டா கிட்டக்கப் போயி புடிப்பான்றானுங்க. ஒரே பேஜாரா கீது. நீயே புடிச்சதுன்னு தெரியற மாரி ஒண்ணு அனுப்பு."

கடிதத்தை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவளுக்கு வேப்பம்பட்டு; நான் கப்பலேறும் முன்பே கல்யாணமாகி, ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்தவள். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

"ஒம்போது வருசமா அந்த மனுசன ஏமாத்திக்கினு கீறீங்க" என்றாள். "ஒண்ணு, போயி நெசமாவே ஒரு படம் புடிங்க. இல்ல, உண்மைய எழுதிடுங்க."

கடைசியில் இரண்டையும் செய்தேன். அதில்தான் சிக்கல் வந்தது.

3

நகுரு என்ற ஊரில் உள்ள கடைக்கு ஜேத்தாபாய் மாதம் ஒரு முறை படங்கள் அனுப்புவார். நூறு மைல் தூரம். வேனை ஓட்டுவது ம்வாங்கி. என்னைவிட இரண்டு வயது பெரியவர், கிகுயு இனத்துக்காரர், டார்க்ரூம் வேலையும் ஓரளவு தெரியும். நான் ஜேத்தாபாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் குடும்பத்தோடு போய்வரச் சொன்னார். தன் மருமகன் கல்யாணத்தில் பாதி எடுத்துவிட்டு வைத்திருந்த காமிராவையும் கொடுத்தார். "பன்னிரண்டு படம் மிச்சம் இருக்கிறது. பார்த்து எடு" என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். நானும் ஸ்டெல்லாவும் எங்கள் மகள் எமிலியும். அவளுக்கு ஏழு வயது, இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் சுவாஹிலி. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் வேறு பாஷையில் வரும்.

மலை விளிம்பில் சாலை சட்டென்று கீழே இறங்குகிறது. கீழே கண்ணுக்கு எட்டியவரை பள்ளத்தாக்கு, மேக நிழல்கள் அதன்மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. நைவாஷா தாண்டியதும் சாலை ஓரத்திலேயே வரிக்குதிரைகள் நின்றன. ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக் கண்ணாடியை இறக்கிக் காமிராவைக் கண்ணில் வைத்தேன். ஒரே இருட்டு. ம்வாங்கி எட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றி என் மடியில் போட்டார். அதற்குள் குதிரைகள் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டின.

"இருட்டிலேயே வேலை செய்து பழகிவிட்டீர்கள்" என்றார் சுவாஹிலியில்.

கொஞ்ச தூரத்தில் வேல மரங்களுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "டாடி, ட்விகா!" என்று எமிலி துள்ளினாள்.

"ஒட்டகச்சிவிங்கின்னு சொல்லும்மா" என்றாள் ஸ்டெல்லா. "எங்க, சொல்லு. ஒட்டகச்சிவிங்கி."

"ஒட்டக..." என்று தொடங்கி எமிலி பாதியில் நிறுத்தினாள். அதை முடிப்பதற்குள் ட்விகா போய்விடும் என்று இங்கிலீஷில் சொன்னாள். ம்வாங்கிக்கு அதை மொழிபெயர்த்தேன். ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் விலங்கு மரங்களுக்குப் பின்னால் போயிருந்தது. நான் எடுத்தது மரங்களைத்தான்.

ஊருக்குள் கடையில் படங்களைக் கொடுத்துவிட்டு, ஏரியைச் சுற்றியுள்ள காப்புக்காட்டின் வாசலுக்குப் போனோம். அங்கிருந்த காவலரிடம் சிங்கம் எங்கே இருக்கும் என்று நானே கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. வழியெல்லாம் வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்தேன். இறங்கி அவரிடம் சொன்னபோது வார்த்தைகள் இடம் மாறிவிட்டன. 'நான் சிங்கம், எங்கே?' என்று கேட்டிருக்கிறேன்.

அவர் தொப்பியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிங்கமே நேரில் வந்திருக்கிறது. பிறகு எதற்குத் தேட வேண்டும்?" என்றார். எமிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் நல்லபடியாகவே சொன்னார். இந்த ஏரியில் சிங்கத்தை எதிர்பார்க்காதீர்கள், இது பறவைகளின் இடம். எங்கிருந்து வருகிறீர்கள்? நைரோபியா? சிங்கம் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் காட்டிலேயே இருக்கிறதே, பஸ் ஏறினால் போய்விடலாமே.

பஸ் ஏறினால் போய்விடலாம். இது தெரியாமல் ஒன்பது வருடம் இருந்திருக்கிறேன். வேனில் ஏறும்போது ஸ்டெல்லா, "நல்லா விசாரிச்சீங்க" என்றாள்.

சிங்கம் இல்லை என்று ஆன பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். நீளக் கொம்பு வைத்த மான் ஒன்று தண்ணீரோரம் அசையாமல் நின்றது. அதற்கு இரண்டு படம். காட்டுப்பன்றி ஒன்று வாலைக் கம்பி போல நிமிர்த்திக்கொண்டு குறுக்கே ஓடியது. அதற்கு ஒன்று, வால் மட்டும்தான் விழுந்திருக்கும். ஏரியின் ஒரு மூலையில் பாறை என்று நாங்கள் நினைத்தது மூச்சு விட்டது. "கிபோகோ" என்றாள் எமிலி. நீர்யானை. காதையும் மூக்கையும் காட்டிவிட்டு முங்கிவிட்டது. அதற்கு இரண்டு.

மதியம் ஒரு மர நிழலில் வேனை நிறுத்தினோம். ஸ்டெல்லா புளிசாத டப்பாவை வேனின் பின்படியில் வைத்துத் தட்டு எடுக்கத் திரும்பினாள். மரத்திலிருந்து நாய் அளவுக்கு ஒரு பெரிய குரங்கு இறங்கி, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, டப்பாவைத் தூக்கியது.

"அய்யோ, டப்பாவ தூக்கினு பூடுச்சி! இன்னாங்க, பாத்துக்கினே நிக்கிறீங்களே!"

நான் காமிராவைத் தூக்கினேன். அதற்குத்தான் ஸ்டெல்லா இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. குரங்கு எட்டடி தள்ளி உட்கார்ந்து மூடியைத் திறந்தது. ஒரு வாய் தின்றது. காய்ந்த மிளகாயைத் தனியாக எடுத்து முகர்ந்து கீழே போட்டது. வேர்க்கடலையைப் பொறுக்கித் தின்றது. நாங்கள் ம்வாங்கி கொண்டுவந்திருந்த வேகவைத்த சோளத்தை நான்காகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஏரியின் தெற்குக் கரைக்கு வந்தபோது மூன்று படம்தான் மீதம் இருந்தது. இங்கே இறங்கி நடக்கலாம் என்றார் ம்வாங்கி.

கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது. உப்பும் சேறும் பறவை எச்சமும் கலந்த வாடை. கண்ணை மூடியிருந்தால் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்திருக்காது. பிறகு பார்த்தேன். கரையிலிருந்து ஏரியின் நடுவரை பூநாரைகள். ஆயிரமா, லட்சமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் தெரியவில்லை. ரோஜா நிறத்தில் தரை ஒன்று மெல்ல அசைந்தது. தலையைக் கீழே போட்டு அவை மேயும்போது எழுந்த சத்தம், ஒரு பெரிய சந்தை தூரத்தில் இரைவதுபோல இருந்தது.

ஸ்டெல்லா முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெகுநேரம் நின்றாள். "மாமாவ ஒரு தபா இங்க கூட்டியாந்து காட்டணுங்க" என்றாள்.

"நைனா இத்தப் பாத்தவருதான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். அது உண்மையல்ல.

அறுவடை முடிந்து கூலி இல்லாத மாதங்களில் நைனா பழவேற்காட்டுக்குப் போவார். படகிலிருந்து மீன் கூடைகளைத் தலையில் சுமந்து சாலைக்குக் கொண்டுவரும் வேலை. பத்து வயதில் நானும் கூடப் போவேன். கரையில் உட்கார்ந்து அவர் சட்டையையும் கஞ்சிச் சட்டியையும் பார்த்துக்கொள்வேன். ஏரியில் தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். படகுச் சத்தத்துக்கு அந்தக் கோடு எழும்பும்போது இறக்கைக்கு அடியில் சிவப்புத் தெரியும். நைனா முழங்கால் தண்ணீரில், தலையில் கூடையோடு, குனிந்த பார்வையோடு வந்துகொண்டிருப்பார். நிமிர்ந்தால் கூடை சரியும்.

"பறந்துச்சாடா?" என்று கேட்பார்.

"பறந்துச்சி நைனா."

"எத்தினி?"

"நெறய. அல்லாம் செவப்பு."

நான் சொன்னதுதான் அவர் பார்த்தது.

இதையெல்லாம் அந்தக் கரையில் நின்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. அவள் என் கையிலிருந்த காமிராவைக் காட்டி, "அப்ப இதத்தான் புடிங்க" என்றாள்.

படம் எடுக்கத் தெரியாதவன்தான் நான். ஆனால் கெட்டுப்போன படங்களை என்னைவிட அதிகம் பார்த்தவன் இந்த ஊரில் கிடையாது. ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்களில் பாதி, தண்ணீரின் கூச்சத்தில் வெளுத்துப் போய் வரும். அதனால் லென்ஸின் வாயை நன்றாகக் குறுக்கினேன். எமிலியைத் தண்ணீரோரம் நிற்கச் சொன்னேன். அவள் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். நான் சேற்றில் முட்டி போட்டேன்.

ஏரிக்கு அப்பால் நீல மலை இருந்தது. இடது பக்கம் மஞ்சள் பட்டை உரிந்த பெரிய மரங்கள் இருந்தன. அவற்றின் கீழே எருமைக் கூட்டம் ஒன்றும் படுத்திருந்தது. நான் காமிராவைத் தாழ்த்தித் தாழ்த்தி, அவை ஒவ்வொன்றையும் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. தண்ணீர், பறவை, வானம், பெண் குழந்தை. கண்ணுக்கு அப்படித்தான் சரியாக இருந்தது.

இரண்டாவது படத்துக்கு ம்வாங்கி கையைத் தட்டினார். முன்வரிசை எழும்பியது. எமிலி பயந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

4

அந்த ரோலை நானே கழுவினேன். இத்தனை வருடத்தில் என்னுடைய பிலிம் ஒன்றை நான் கழுவியது அதுதான் முதல் முறை. கறுப்பு வெள்ளைதான். கலர் பிலிமை இங்கே கழுவ வசதியில்லை. மரங்கள், மானின் ஒரு பக்கம், பன்றி வால், குரங்கு என்று ஒரு நிழல். இரண்டாவது ஏரிப் படம் மட்டும் ஊசி முனை போலக் கூர்மையாக இருந்தது. தட்டில் முதலில் எமிலியின் கூந்தல் வந்தது. பிறகு ஈரமான கால்கள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இறக்கைகள் வந்துகொண்டே இருந்தன. கையை எடுக்க மறந்து நின்றேன். ம்வாங்கிதான், கறுத்துவிடும் என்று தாளை எடுத்து அடுத்த தட்டில் போட்டார்.

அதை அனுப்பும்போது எல்லாவற்றையும் எழுதினேன். சிங்கமும் யானையும் நான் எடுத்ததல்ல நைனா, கடைக்கு வந்தவர்கள் எடுத்தது. மன்னித்துவிடுங்கள். இது மட்டும்தான் நான் எடுத்தது. நிற்பது உங்கள் பேத்தி. பழவேற்காட்டில் நீங்கள் நிமிர்ந்து பார்க்க முடியாத பறவை இதுதான்.

பதில் ஆறு வாரம் கழித்து வந்தது. மோசசின் கையெழுத்து.

"மகன் அருளுக்கு நைனா எழுதிக்கிறது. போட்டோ வந்து சேந்துச்சி. கொயந்த நல்லா கீது. ஒங்கம்மா ஜாட. சிங்கம்லாம் நீ புடிக்கலன்னு எழுதிகீற. மோசசு அத்தப் படிக்கும்போது ஷிப்ட் வுட்டு பசங்க பத்து பேர் நின்னுக்கினு இருந்தானுங்க. போனா போவுது, அதுல எனக்கு ஒண்ணியும் இல்ல. ஆனா இந்தப் பறவப் படத்தப் பாத்துட்டு அல்லாரும் இன்னா சொல்றானுங்கன்னா, இது நம்ம பழவேற்காடுதான்றானுங்க. ஆப்பிரிக்காவுல பூநாரைக்கு இன்னா வேலன்றானுங்க. சிங்கப் படம் கடையில வாங்குனது, நீ மெட்ராசுலயே எங்கியோ கீறன்றானுங்க. ஸ்டாம்ப காட்னேன். கப்பல்ல போறவன் எவன்கிட்டயாவது குடுத்து அங்கேந்து போட்ருப்பான்றானுங்க. மோசசு சித்தப்பன் பழவேற்காட்டுக்காரன். அந்தக் கொயந்த நிக்கிற எடத்தையே காட்றேன்னு சொல்றான்.

"நான் அவனுங்களாண்ட சண்ட போட்டேன். அப்பறம் படத்த எட்த்துக்கினு ஊட்டுக்கு வந்து ஒக்காந்து பாத்தேன். அருளு, எனக்கும் அது பழவேற்காடு மாரிதான்டா கீது. நீ வந்துட்டுப் போனியா? பழவேற்காடு வரிக்கும் வந்துட்டு, ஊட்டாண்ட வராம போனியா? எம்மேல எதுனா கோவமா? கோவம்னா சொல்லிடு."

கடிதத்தைக் கீழே வைத்தேன். மலையை வெட்டி, மரத்தை வெட்டி, எருமையை வெட்டி, நானேதான் அதைப் பழவேற்காடாக ஆக்கியிருந்தேன். மூன்று நெகடிவையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது மலையின் ஓரம் விழுந்திருக்கக் கூடாதா? மூன்றிலும் தண்ணீரும் வானமும்தான்.

"இன்னொரு போட்டோ அனுப்புங்க" என்றாள் ஸ்டெல்லா. பிறகு அவளே, "வேணாம். எத்தினி அனுப்பினாலும் காயிதந்தான். நீங்க போங்க" என்றாள்.

5

போவது அவ்வளவு லேசாக இல்லை. நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. வேலை அனுமதி புதுப்பிக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர் ஆள் செய்யக்கூடிய வேலைக்கு வெளியாள் எதற்கு என்ற பேச்சு எங்கும் இருந்தது. நான் ஊருக்குப் போனால் என் இடத்தில் ம்வாங்கிதான் நிற்பார். அவர் நன்றாகச் செய்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை? இருந்தாலும், கிளம்புவதற்கு முந்தின இரண்டு மாதம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கும் இது புரிந்திருந்தது. "சீக்கிரம் வந்துவிடுங்கள், எனக்கு வேன் ஓட்டத்தான் பிடிக்கும்" என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

பாஸ்போர்ட்டில் எமிலி பெயரைச் சேர்க்க ஒரு வரிசை. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு ஒரு வரிசை. திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டுக்கு மூன்று தடவை ஒரே வரிசை. அங்கிருந்த அதிகாரி படிவத்தைப் பார்த்தார். போகும் காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தேன்.

"சாவா? கல்யாணமா?"

"இரண்டும் இல்லை. நான் ஊருக்கு வந்துவிட்டுப் போனதாக அப்பா நினைக்கிறார்."

"போனீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் என்ன பிரச்சினை?"

"போகவில்லை என்று போய்ச் சொல்ல வேண்டும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். "என் அப்பாவுக்கும் கடிதத்தில் எதையும் புரியவைக்க முடியாது" என்றார்.

மூன்று பேருக்கும் கப்பலில் இடம் எடுக்க எங்களால் முடியவில்லை. எனக்குப் பதிலாக ஸ்டெல்லாவை அனுப்பவா என்று யோசித்தேன். அவளும் ஊரைப் பார்த்து எட்டு வருடம். "எமிலிய கூட்டினு போங்க. மாமா அவளப் பாக்கட்டும்" என்று அவள்தான் முடிவு செய்தாள். மொம்பாசா ரயிலில் ஏற்றிவிட வந்தவள், "எங்கம்மாவாண்ட நான் நல்லா கீறேன்னு சொல்லுங்க. இளைச்சிட்டேன்னு சொல்லாதீங்க" என்றாள். வண்டி நகர்வதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

6

பம்பாயில் இறங்கி, மெட்ராஸ் வந்து, கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியபோது எமிலி களைத்திருந்தாள். அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனையும் அவளுக்குக் காட்டினேன். அவள் பலகைகளில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை மட்டும் படித்தாள். பெட்டியில் எல்லோரும் என் பாஷை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ, "இன்னாபா, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார்கள். அந்த ஆளுக்குப் பதிலாக நான் பதில் சொல்லியிருப்பேன்.

வீடு பூட்டியிருந்தது. தொழிற்சாலைக்கே போனோம். ஷிப்ட் மாறும் நேரம், சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கேட்டருகே காக்கிச் சட்டையில் ஒருவர் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை அவருக்கு ஒரு அளவு பெரிதாக இருந்தது. நான் ஊரை விட்டுப் போனபோது இருந்த உடம்புக்கு அது சரியாக இருந்திருக்கும்.

"நைனா."

அவர் நிமிர்ந்தார். பதிவேட்டை மூடினார். என்னைத் தொடவில்லை. அவர் பின்னால் காவலறைச் சுவரில் சிங்கங்களும் யானைகளும் பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தன. கிழிக்காமல் வைத்திருந்தார்.

மோசஸ்தான் முதலில் கத்தினான். "டேய், படத்துல கீற பொண்ணுடா!"

வெளியே வந்தவர்கள் நின்றார்கள். பத்து, பதினைந்து பேர் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவன், "பழவேற்காட்டுப் பொண்ணா, ஆப்பிரிக்கா பொண்ணா? எங்க, எதுனா பேசச் சொல்லு" என்றான். சிரிப்பு எழுந்தது.

நைனா எமிலியின் உயரத்துக்குக் குனிந்தார். "ஒம்பேரு இன்னாம்மா?"

எமிலிக்கு அது புரிந்திருக்கும். ஆனால் அத்தனை முகங்களைப் பார்த்ததும் என் பின்னால் ஒதுங்கி, சட்டையை இழுத்து, சுவாஹிலியில் ஏதோ கேட்டாள். நான் பதில் சொல்லாததால் இன்னும் சத்தமாக, அழுகை கலந்த குரலில், திரும்பவும் கேட்டாள்.

கூட்டம் அடங்கிவிட்டது. நைனா மெல்ல நிமிர்ந்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"கேட்டீங்களாடா?" என்றார். "எம்பேத்தி இன்னா பேசுதுன்னு எனக்கே புரியல. இங்க கீற கொயந்த பேசற பேச்சாடா இது? எம்மவன் வரலடா. இப்பதான்டா வரான்."

சந்தேகப்பட்டவனே வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டான். இத்தனை வருடம் வீட்டில் தமிழ் பேசு, தமிழ் பேசு என்று நாங்கள் அவளிடம் மன்றாடியது எனக்கு ஞாபகம் வந்தது.

நைனா என் தோளில் கையை வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொயந்த இன்னாடா கேக்குது?" என்றார்.

"ஊட்டுக்கு எப்ப போலாம்னு கேக்குறா, நைனா."

"அடடா. இதோ, கிட்டக்கதாம்மா ஊடு. வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எமிலி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவரோடு போனாள். அவள் எந்த வீட்டைக் கேட்டாள் என்று நான் நைனாவிடம் சொல்லவில்லை.